முயலுக்கு விரித்த கூளம்

வீட்டுக்குள் வளர்க்கப்படும் முயல் கழிவதற்கென்று ஒரு மூலையில் வைக்கப்படும் தட்டத்தையும், ஈரத்தை வாங்கிக்கொள்வதற்காக அத்தட்டத்தில் பரப்பப்படும் பொருளையும் குறிக்க, இன்றைய நகர வழக்கில் 'லிட்டர் பாக்ஸ்', 'லிட்டர்' என்னும் சொற்களே வழங்குகின்றன. தமிழில் இதற்கெனத் தனிச்சொல் இல்லை என்று எண்ணத் தோன்றினாலும், தொழுவத்தில் மாட்டின் காலடியில் பரப்பப்பட்டு, அதன் மூத்திரத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் குப்பைக் குழிக்குப் போய்ச் சேரும் உதிரி வைக்கோலுக்குக் 'கூளம்' என்ற பெயர் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டத்திலுள்ள கம்மாபுரத்தில், இக்கட்டுரையாளரின் இல்லத்தில் 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்த ஒரு வெள்ளைப் பெண்முயலின் பொருட்டு, கடையில் விற்கும் லிட்டரிலிருந்து தொழுவத்துக் கூளத்துக்கு அவ்வில்லத்தார் வந்து சேர்ந்த வழி இங்கே நினைவுகூரப்படுகிறது.

முயலுக்குத் தட்டம் வைப்பது மனிதன் அதன்மேல் திணித்த பழக்கம் அன்று. உலகெங்கும் வீடுகளிலும் பண்ணைகளிலும் வளரும் முயல்கள் யாவும் ஐரோப்பியக் குழிமுயலின் வழி வந்தவை. அக்குழிமுயல்கள் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வதோடு, தங்கள் எல்லையை உணர்த்துவதற்காகச் சில குறிப்பிட்ட இடங்களிலேயே திரும்பத் திரும்பப் புழுக்கை இடும் இயல்புடையவை. கம்மாபுரத்தைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புகளில் மாலை வேளையில் குறுக்கே ஓடும் காட்டுமுயல் இதிலிருந்து வேறுபட்ட இனமாகும். அது வளை தோண்டுவதில்லை, புதர் மறைவில் வெறுந்தரையில் படுத்துக்கொள்கிறது, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிலும் இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் முயல் என்ற ஒரே பெயர் வழங்குவதால், காட்டுமுயலைக் கண்டு பழகிய ஊரார்க்கு, வீட்டுமுயல் தானாகவே ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளும் என்பது முதலில் நம்பத்தக்கதாக இல்லை. ஆயினும் அவ்வில்லத்துக்கு வந்த முயற்குட்டி மூன்றாம் நாளே சமையலறைக்கும் தாழ்வாரத்துக்கும் இடைப்பட்ட ஒரு மூலையைத் தனக்கென வைத்துக்கொண்டது. தட்டத்தை அங்கே வைத்ததைத் தவிர அவ்வில்லத்தார் வேறு பயிற்சி எதுவும் தரவில்லை.

கூண்டில் அடைத்து வைக்கும் பண்ணை முறையில் இத்தேவை எழுவதே இல்லை. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில், வெண் இராட்சத முயல், சோவியத் சின்சில்லா முதலிய இனங்கள் கம்பிவலைத் தளத்தின்மேல் வைத்து வளர்க்கப்படுவதால், புழுக்கையும் மூத்திரமும் தாமாகவே கீழே விழுந்துவிடுகின்றன. முயலை வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டு வளர்க்கலாம், தட்டத்தில் கழியும்படி பழக்கலாம் என்ற கருத்தைப் பரப்பியதில் 1988இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட வீட்டுமுயல் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அக்கருத்தோடு கூடவே, தட்டத்தை நிரப்பும் செலவும் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது.

லிட்டர் விலைக்கு விற்கப்படும் பண்டமாக மாறிய வரலாறு பூனையிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947ஆம் ஆண்டில் எட்வர்ட் லோ என்பவர், பூனைத் தட்டத்தில் சாம்பல் இட்டுவந்த அண்டை வீட்டார் ஒருவருக்கு, ஆலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கெனத் தம்மிடம் இருந்த உலர்களிமண் மணிகளைக் கொடுக்க, அது சாம்பலைவிட நன்றாக இருப்பதைக் கண்டு பையிலிட்டு விற்கத் தொடங்கினார். பின்னர் 1980களில், ஈரம் பட்டவுடன் கட்டியாகத் திரளும் பெண்டோனைட் என்னும் களிமண் இதே பயனுக்கு வந்தது. பெண்டோனைட் என்பது நீரைத் தன் ஏடுகளுக்கிடையில் இழுத்துப் பல மடங்கு உப்பும் தன்மையுள்ள மண். இந்தியாவில் இது மிகுதியாகக் கிடைப்பது குஜராத்தின் கட்ச் பகுதியில் ஆகும்.

அவ்வில்லத்தார் முதலில் வாங்கியதும் இவ்வகை மண்தான். முயலுக்கென்று தனியாக எதுவும் கிடைக்காத நிலையில், பூனைக்கு விற்கும் ஐந்து கிலோ பையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பைக்கு 400 ரூபாய்க்குக் குறையவில்லை. பூனைக்குப் பரப்புவது போலவே மூன்று விரற்கடை உயரத்துக்கு அது கொட்டப்பட்டதால், ஒரு பை இரண்டு வாரத்துக்குக்கூட வரவில்லை. முயல் தட்டத்தில் உட்கார்ந்து தன் முன்கால்களை நக்கித் துடைத்துக்கொள்வதையும், சில வேளைகளில் மண்மணிகளை வாயில் எடுத்து மெல்வதையும் கண்ட கால்நடை மருத்துவர் ஒருவர், உப்பும் மண் குடலுக்குள் போய் அங்கேயும் உப்பினால் முயல் பிழைக்காது என்று எச்சரித்தார். முயலால் வாந்தி எடுக்க இயலாது என்பதும், அதன் குடல் இடைவிடாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டியது என்பதும் அந்த எச்சரிக்கைக்குப் பிறகே அவ்வில்லத்தாருக்குத் தெரிந்தன. அன்றிலிருந்து அழுத்திய காகிதக் குச்சிகளாலான, முயலுக்கு உகந்த லிட்டர் தபால் வழியே தருவிக்கப்பட்டது. அது மண்ணைவிடவும் விலை கூடியது. வீட்டுக் கணக்கு நோட்டில் 'முயல் மண்' என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட்ட தொகை, சில மாதங்களில் பால் கணக்கை எட்டிப் பிடித்தது.

கம்மாபுரத்தில் இருந்துகொண்டு மண்ணுக்குப் பணம் கொடுப்பது மனத்தை உறுத்தும் செய்தியாகும். ஊருக்கு மேற்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் உள்ளன. பொம்மை, மின்காப்பான் முதலியவை அங்கே சூளையிலிருந்து வெளிவருகின்றன. மறுபுறம் நெய்வேலியில், 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலக்கரி நிறுவனம் பழுப்பு நிலக்கரியின்மேல் மூடிக்கிடக்கும் மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் வெளிப்பட்டதால், அதைக் கழுவிப் பிரிப்பதற்கென்றே ஓர் ஆலை அமைக்கப்பட்டது. இவ்வாறு இருபுறமும் களிமண் சூழ்ந்த ஊரில், வெள்ளைக் களிமண்ணையே தட்டத்தில் இட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. கயோலின் எனப்படும் அவ்வெண்மண்ணின் ஏடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் அது பெண்டோனைட்டைப் போல உப்புவதில்லை; அந்த அளவில் அது தீங்கற்றது. ஆனால் ஒரு பிடி மண்ணை நொறுக்கித் தட்டத்தின் மூலையில் இட்டுப் பார்த்தபோது, உலர்ந்த இடத்தில் மாவாகப் பறந்தது, நனைந்த இடத்தில் குயவர் கைச்சேறு போலக் குழைந்து முயலின் உள்ளங்கால் மயிரில் ஒட்டிக்கொண்டது. பாண்டமாவதற்கு வேண்டிய அந்தக் குழைவே கூளத்துக்கு ஆகாத குணமாயிற்று. அன்று மாலை முழுவதும் வெதுவெதுப்பான நீரால் முயலின் நான்கு கால்களையும் ஒத்தியெடுத்துத் துவட்ட வேண்டியிருந்தது.

2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதும் தபால் பைகள் வரவில்லை. கையிருப்பில் இருந்த காகிதக் குச்சி பத்து நாளில் தீர்ந்தது. அதன் பிறகே ஊரில் விளைந்து ஊரிலேயே கழியும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் காலம் வந்தது; அவ்வில்லத்தார் முயலைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்த மாதங்களில் அறிந்ததே.

முதலில் வந்தது நெல் உமி. அரிசி ஆலையில் கேட்டால் கிடைக்கும் உமி, விலையற்றது போலவே எடையும் அற்றது. ஒரு சாக்கு உமியை ஒரு சிறுமி தூக்கி வரலாம். ஆனால் உமி நீரை உறிஞ்சுவதில்லை. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலுக்குரிய பொருள். நெல்லை மழையிலிருந்து காப்பதற்கென்றே அமைந்த அந்தக் கவசத்தின்மேல் விழுந்த முயலின் மூத்திரம், கூரைமேல் விழுந்த மழைபோல வழிந்து தட்டத்தின் அடியில் தேங்கியது. அதன் கூர்முனைகளோ உள்ளங்காலைக் குத்தின. நாய், பூனைகளுக்கு உள்ளதைப் போன்ற மெத்தென்ற பாதத் திண்டு முயலுக்கு இல்லை. அதன் குதியைக் காப்பது மயிர் மட்டுமே என்பதால், கரடான தளத்தில் நெடுநேரம் இருக்கும் முயலுக்குப் பின்னங்கால் குதியில் மயிர் உதிர்ந்து புண் விழுகிறது. ஐந்தாம் நாள் முயலின் குதியில் செந்நிறம் தோன்றியவுடன் உமி கைவிடப்பட்டது. உமியைக் கருக்கிப் பெறும் உமிக்கரி நாற்றத்தை நன்றாக அடக்கியது உண்மை; பழந்தலைமுறையினர் பல் துலக்கப் பயன்படுத்திய அதே கரிதான். எனினும் சிவப்புச் சிமெண்டுத் தரையெங்கும் கரிய காலடிகள் பதிந்ததோடு, வெள்ளை முயல் அதை நக்கி நக்கித் துடைத்துக்கொள்ள முயன்றதைக் காணப் பொறுக்காமல், இரண்டு நாளில் அதுவும் நிறுத்தப்பட்டது.

அடுத்தது மல்லாட்டைத் தொலி. தென்னார்க்காட்டு வழக்கில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக் கொட்டை என்பதன் திரிபு அது. விருத்தாசலத்தில் நிலக்கடலை, முந்திரி ஆகியவற்றின் ரகங்களை உருவாக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருப்பதே இப்பயிர்கள் இம்மண்ணில் எவ்வளவு வேரூன்றியவை என்பதைக் காட்டும். தொலி ஓரளவு ஈரம் வாங்கும், காலையும் குத்தாது. ஆனால் ஈரம் பட்ட கடலையிலும் அதன் தொலியிலும் வளரக்கூடிய ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். முயலோ தட்டத்தில் கிடப்பதை எல்லாம் கொறித்துப் பார்க்கும் உயிர். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆபத்தை முன்னிட்டு, தொலி தட்டத்துக்குப் போகாமல் மாடித் தொட்டிகளுக்குப் போயிற்று. முந்திரி ஓட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுவது ஒன்றே: பண்ணுருட்டிப் பக்கம் குவியல் குவியலாகக் கிடைக்கிறது என்பதற்காக எவரும் அதை விலங்கின் காலடியில் இடலாகாது. அதிலுள்ள எண்ணெய் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு வேலை செய்வது அதனால்தான்.

மரத்தூளிடம் அவ்வில்லத்தார் நெடுநாள் தங்கினர். மரத்தூளுக்கு நீரை உறிஞ்சும் ஆற்றல் உண்டு. மேலை நாடுகளில் முயல் வளர்ப்போர் பலர், கடையில் விற்கும் லிட்டரை விடுத்து, குளிர்கால அடுப்பில் எரிப்பதற்காக மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளைப் பெரும்பைகளாக வாங்கிப் பயன்படுத்துவதும் இதனால்தான். நம் நாட்டில் கொதிகலன்களுக்காகச் செய்யப்படும் எரிகட்டிகளில் பலவகைக் கழிவுகள் கலந்திருப்பதால், அவற்றை அவ்வாறு நம்பி எடுக்க முடியவில்லை. எனவே தெருமுனையில் இருந்த தச்சுப் பட்டறையே ஒரே வழியாயிற்று. பட்டறையில் விழுவது எல்லாம் ஒன்றல்ல என்பதை அங்கேதான் கற்க நேர்ந்தது. இழைப்புளி சீவித் தள்ளும் சுருள் வேறு, ரம்பத்தூள் வேறு. வேம்பு, பூவரசு, பலா ஆகியவற்றின் தூள் வேறு, பிளைவுட்டை அறுக்கும்போது பறக்கும் பசை கலந்த தூள் வேறு. ஊசியிலை மரங்களின் மணமூட்டும் எண்ணெய்கள் முயலின் ஈரலைத் தாக்கும் என்று அறியப்பட்டிருப்பதால், பெட்டிப் பலகைக்கு வரும் பைன் மரத்தின் தூளும் விலக்கப்பட்டது. அதே ஐயத்தால் தைலமரத்தின் தூளையும் அவ்வில்லத்தார் தொடவில்லை. பலாமரம் இழைக்கும் நாளில் தச்சர் ஒரு சாக்கைத் தனியே கட்டிவைத்து, மறுநாள் காலையில் சொல்லியனுப்புவார்; அந்தச் சாக்கைத் திறந்தால் வீடு முழுவதும் மஞ்சள் பூசியது போன்ற ஒரு நிறமும் மெல்லிய இனிப்பு வாசனையும் நிறையும்.

அந்தத் தூளும் அப்படியே உதவவில்லை. இட்ட இரண்டாம் நாளே முயல் அடுத்தடுத்துத் தும்மியது. அதன் மூக்கு நுனி ஓயாமல் துடிக்கும் இயல்புடையது என்பதால், காற்றில் கலந்த துகள் எதுவும் அதற்குள் போகாமல் இருப்பதில்லை. அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த இல்லத்து மூதாட்டி, ஒன்றும் பேசாமல், பரணிலிருந்து முறத்தை இறக்கிவரச் செய்து, கொல்லையில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மரத்தூளை நெல்லைப் புடைப்பது போலப் புடைக்கலானார். முறத்தை ஒருமுறை ஏற்றி இறக்கும்போது பொடி காற்றோடு போக, மறுமுறை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தட்டும்போது பருந்துணுக்குகள் முறத்தின் வாய்ப்பக்கம் வந்து சேர, ஒரு நாழிகையில் சாக்கின் மூன்றில் ஒரு பங்கு பொடியாகப் பறந்தது. எஞ்சியதை அவர் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தார். அவ்வாறு புடைத்த தூளை இட்டபின் தும்மல் நின்றது. பேத்தி ஆயாவின் மடியில் விழுந்திருந்த மஞ்சள் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்த அந்தக் காலைப் பொழுது இக்கட்டுரையாளரின் நினைவில் இன்றும் அப்படியே நிற்கிறது.

அதே மூதாட்டிதான், கணக்கு நோட்டில் எழுதியிருந்த பழைய தொகைகளைப் பேத்தி படித்துக் காட்டியபோது, மருமகளை நோக்கி, "ஏம்மா, மூத்தரத்த உறிஞ்சறதுக்குக் காசு குடுத்து மண்ணு வாங்குனியா? கிடை போடறவன் அதுக்குத்தானே நம்மகிட்ட காசு வாங்கறான்!" என்று வியந்து கேட்டவர். கிடை போடுதல் என்பது, ஆட்டு மந்தையை அறுவடை முடிந்த வயலில் இரவு தங்கவைத்து, அதன் புழுக்கையும் மூத்திரமும் நிலத்தில் சேரும்படி செய்யும் வழக்கம். அதற்காக நிலத்துக்காரரே மந்தையை மேய்க்கும் கீதாரிக்குக் கூலியோ நெல்லோ கொடுக்கிறார். விலங்கின் கழிவு விலையுள்ள பொருள் என்று கொண்ட உழவர் கணக்கும், அதைத் துடைத்தெறியப் பணம் செலவிடும் நகரக் கணக்கும் ஒரே வீட்டில் அன்று எதிரெதிரே நின்றன. மூதாட்டியின் கேள்விக்கு அன்று எவராலும் மறுமொழி சொல்ல முடியவில்லை. அதன் பின்னரே, எதை வாங்குவது என்ற கேள்வி பின்னுக்குப் போய், எவ்வளவு தேவை, அது எங்கே போகிறது என்ற கேள்விகள் முன்னுக்கு வந்தன.

எவ்வளவு தேவை என்பதற்கு விடை முயலின் உடலிலேயே இருந்தது. பூனை தன் கழிவை மண்ணைக் கிளறி மூடும். அதற்கு ஆழம் வேண்டும். முயல் மூடுவதில்லை. அது இடும் இருவகைப் புழுக்கைகளுள் ஒன்று உருண்டையாய் உலர்ந்து நாற்றமின்றி இருப்பது. ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு என்று விழுந்தாலும் அதற்கு உறிஞ்சுபொருள் எதுவும் தேவையில்லை. மற்றொன்று, பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள குருட்டுக்குடல் என்னும் பையில் நுண்ணுயிர்களால் புளித்து, சத்து நிறைந்து, திராட்சைக் கொத்துப்போல மென்மையாக வெளிவருவது. அதை முயல் பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ நேராக வாயால் எடுத்துத் தின்றுவிடுவதால், உடல்நலமுள்ள முயலின் தட்டத்தில் அது காணப்படுவதே அரிது. ஆக, கூளம் தேவைப்படுவது மூத்திரத்துக்கு மட்டுமே. இரண்டு கிலோ எடையுள்ள முயலின் ஒரு நாள் மூத்திரம் ஒரு டம்ளரை ஒட்டி இருக்கும். அதையும் அது தட்டம் முழுவதும் தெளிப்பதில்லை, சுவரை ஒட்டிய ஒரே மூலையில் வாலைத் தூக்கி விடுகிறது. தட்டத்தை ஒரு வாரம் தொடர்ந்து கவனித்தபோது, மூன்று விரற்கடை உயரத்துக்கு நிரப்பிய கூளத்தில் நனைந்தது ஒரு சாண் அகலமுள்ள ஒரு மூலை மட்டுமே என்றும், எஞ்சியது எல்லாம் வாராவாரம் காய்ந்த நிலையிலேயே குப்பைக்குப் போயிற்று என்றும் தெரியவந்தது. அன்று முதல் அடியில் இரண்டு மடிப்பு நாளிதழ்த் தாள், அந்த மூலையில் மட்டும் இரண்டு கைப்பிடி மரத்தூள், அதன்மேல் கால்படுவதற்கு மெத்தென்ற வைக்கோல் கூளம் என்ற அடுக்கு முறை நிலைபெற்றது. ஊரடங்கில் நாளிதழ்களும் பக்கம் குறைந்து மெலிந்தபோதிலும், பழைய கட்டு பரணில் நிறையவே இருந்தது.

தீவனமும் இக்கணக்கில் சேரும் என்பது சற்றுப் பிந்தியே விளங்கியது. பிற விலங்குகள் பலவற்றைப் போலன்றி, முயலின் குடல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அளவின்றி ஏற்றுக்கொண்டு, மிகுதியைச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுகிறது. அதனால்தான் அதன் மூத்திரம் கலங்கலாகவும், உலர்ந்தால் வெள்ளைப் படிவாகவும் இருக்கிறது. கொல்லையில் தழைத்த அகத்திக்கீரையை முயல் விரும்பித் தின்கிறதே என்று நாள்தோறும் கொடுத்த மாதத்தில், தட்டத்தின் மூலையில் சுண்ணாம்பு அடித்தது போலப் படிவு தடித்தது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த அகத்தி வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்து, அருகம்புல்லும் உலர்புல்லும் கூடியபோது, படிவும் குறைந்தது, புழுக்கையும் கெட்டியானது. முயல் தின்றுகொண்டே கழியும் வழக்கமுடையது என்பதால், புற்கட்டைத் தட்டத்தின் தலைமாட்டிலேயே கட்டித் தொங்கவிட்டதும், வெளியே சிந்தும் புழுக்கை ஏறத்தாழ இல்லாமற்போயிற்று.

தட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குயவர் தெருவில் வாங்கிய அகன்ற மண்தட்டம் முதலில் குளிர்ச்சியாகவும் கனமாகவும் இருந்தது. வெயில் கொளுத்திய அந்தச் சித்திரை மாதத்தில் முயல் கழிவதற்கன்றிப் படுப்பதற்கே அதை நாடியது. ஆனால் குறைந்த வெப்பத்தில் சுட்ட மண் நுண்துளைகள் நிறைந்தது. பானையில் நீரைக் குளிர்விக்கும் அதே துளைகள் மூத்திரத்தையும் உள்ளே வாங்கி, எத்தனை கழுவினாலும் விடாமல் பிடித்துக்கொண்டன. விருத்தாசலத்தில், விளிம்பில் சிறு நெளிவு விழுந்ததால் கழித்துக் கட்டப்பட்ட ஒரு பீங்கான் தட்டம் குறைந்த விலைக்குக் கிடைத்தபோது அக்குறை தீர்ந்தது. ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இறுகி, கண்ணாடிப் பூச்சால் மூடப்பட்ட பீங்கானுக்குள் எதுவும் இறங்குவதில்லை. மேலே படியும் சுண்ணாம்புப் படிவோ அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். கடையில் விற்கும் அமிலத்துக்கு மாறாக, சாம்பாருக்குக் கரைத்தபின் எஞ்சும் புளிச்சக்கையைப் பூசி ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேய்ப்பதே போதுமானதாயிற்று. பித்தளைக் குடத்தைத் துலக்கிய கைக்கு அந்த வேலை புதியதும் அன்று. மண்தட்டம் வீணாகவில்லை, கழுவிக் காயவைத்து நீர் தெளித்தபின் முயல் வெயிற்காலத்தில் சாய்ந்து படுக்கும் இடமாக அது நீடித்தது.

சிக்கனம் எல்லை மீறிய ஒரு வாரமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இரண்டு கைப்பிடி தூள் இரண்டு நாளுக்குப் போதுமென்றால் நான்கு நாளுக்கும் போதாதா என்ற ஆசையில், கூளம் மாற்றும் நாள் தள்ளிப்போடப்பட்டது. மூத்திரத்திலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக மாற்ற, கண்ணைக் கரிக்கும் அந்த வாயு தரையோடு தரையாக வாழும் முயலின் மூக்கைத்தான் முதலில் தாக்குகிறது. மூன்றாம் நாள் முயல் தட்டத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பி, வாசற்படியில் கிடந்த சாக்கின்மேல் கழிந்தது. அதன் பின்னங்கால் மயிரும் மஞ்சளித்திருந்தது. அன்று மிச்சமான தூளின் மதிப்பு ஒரு ரூபாய்கூட இராது. அந்தச் சாக்கைத் துவைக்கும்போது இக்கட்டுரையாளர் உணர்ந்த குற்றவுணர்வு, பின்னர் எந்தச் செலவைக் குறைக்கும்போதும் முன்வந்து நின்றது. அன்றிலிருந்து, மேல் கூளம் நன்றாக இருந்தாலும், நனைந்த மூலை நாள்தோறும் காலையில் அள்ளப்பட்டது; மொத்தத் தட்டமும் ஐந்து நாளுக்கு ஒருமுறை கழுவப்பட்டது.

வடகிழக்குப் பருவமழை இம்முறைக்குக் கடும் சோதனையாக வந்தது. 2020 நவம்பர் இறுதியில் நிவர் புயலும், அதை அடுத்து டிசம்பரில் புரெவியும் கடலூர் மாவட்டத்தை நனைத்துக்கொண்டே இருந்தபோது, மரத்தூள் காயவில்லை, வைக்கோல் போரின் மேற்பகுதியும் கறுத்துப் பூசணம் பிடித்தது. பூசணம் பிடித்த வைக்கோலை மாடே தின்னாது. முயலுக்கு அதை விரிப்பதும் தகாது. மூன்று வாரம் நாளிதழ்த் தாள் மட்டுமே பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றி, அடுப்பங்கரையில் காயவைத்த ஒரு கூடை கூளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிட்டு அக்காலம் கழிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து புரட்டாசிக்குள் இரண்டு சாக்குக் கூளமும் ஒரு சாக்குத் தூளும் புடைத்துக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிடுவது, அரிசி பருப்பு சேமிப்பதைப் போன்ற ஆண்டு வழக்கமாயிற்று.

இறுதியாக, கூளம் எங்கே போகிறது என்ற கேள்வி. முயற்புழுக்கை, கோழி எருவைப் போலச் சூடு கக்கிப் பயிரைக் கருக்குவதில்லை; அள்ளிய கையோடு கத்தரி, மல்லிகை, முருங்கை எதன் தூரிலும் இடலாம். ஆனால் நனைந்த மரத்தூளை அவ்வாறு நேராக இடலாகாது. தூளை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்கென இழுத்துக்கொள்வதால், செடி சில மாதம் வெளிறி நிற்கும். இதை அறியாமல் இட்ட ஒரு பாத்தித் தண்டுக்கீரை மஞ்சளித்துப் போனபின், புழுக்கை தனியாகவும் தூள் தனியாகவும் பிரிக்கப்பட்டன. தூள் எருக்குழிக்குப் போய் மூத்திரத்தின் தழைச்சத்தோடு ஓராண்டு கிடந்து மக்கியது. பக்கத்துக் கொல்லையில் மல்லிகை வைத்திருந்த உழவர், கொடிகளின் தூரில் இடுவதற்காக வாரம் ஒரு கூடை புழுக்கையை வாங்கிக்கொள்ள முன்வந்தார். பணத்துக்கு மாற்றாகத் தம் வைக்கோல் போரின் அடியில் உதிர்ந்து கிடக்கும் கூளத்தை அள்ளிக்கொள்ளச் சொன்னார். அறுவடை இயந்திரமும் வைக்கோலை உருளையாகச் சுருட்டும் பொறியும் வந்தபிறகு வீட்டுக்கொரு போர் என்ற நிலை மாறி, கூளம் உதிரும் இடங்களும் அருகிவருவதால், அவர் வீட்டுப் போர் அத்தெருவில் எஞ்சியிருந்த இரண்டில் ஒன்றாயிருந்தது.

வீட்டுக் கணக்கு நோட்டில் 'முயல் மண்' என்ற தலைப்பு அடிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு அதன்கீழ் தொகையோடு எழுதப்பட்டவை மூன்று: மண்தட்டம் ஒன்று, பீங்கான் தட்டம் ஒன்று, கிழிந்த முறத்துக்கு மாற்றாக வாங்கிய புதுமுறம் ஒன்று. அவற்றுக்குக் கீழே, அப்போது ஏழாம் வகுப்பில் படித்த மகளின் கையெழுத்தில், தொகை எழுதும் இடம் காலியாக விடப்பட்டு, வாராவாரம் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "புழுக்கை ஒரு கூடை கொடுத்தது, கூளம் ஒரு கூடை வந்தது."